பதினோரு புடவைக்கு ஒரு அண்டா

இங்க யாரும் வர்றாங்களாம்மா? இல்லைன்னா கொஞ்சம் நகந்துக்க. வேணாம் வேணாம், ஜன்னலோரம் நீயே இரு, எனக்கு வெயில் ஆகாது. புதுக்கோட்டைக்குத்தானே? நானும் அங்கதான். நியாயமாப் பாத்தா டோல்கேட்லயே இந்த வண்டியில ஏறியிருக்கணும். ஆனா மாத்தூர் வரைக்கும் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுல்ல. அதனால பாலக்கரைலேருந்து ரெண்டு பஸ் மாறி, மாத்தூர்ல இறங்கி, முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னு ஏறுறேன். சும்மா கிடைக்கிறதை எதுக்கு விடணும், நீயே சொல்லு.

எம் பேரு பிலோமினா. பிலோமின்னா பாலக்கரையில எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரர் சவரிமுத்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒரே பொண்ணு, அமலி. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாசம் நடக்குது. வர்றப்ப மாப்பிள்ளை கார் பிடிச்சுத் தர்றேன்னுட்டாரு. போறப்ப எனக்கு ஒருத்திக்கு எதுக்கு கார்?

ஒன்பதாம் மாசத்துலயா கூட்டிட்டு வருவாங்கன்னு பாக்குற. கேளேன், சொல்றேன். கீரனூர் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

எனக்கு வாங்குற வியாதின்னு என் பொண்ணு சொல்றா. வியாதியாம். நான் ஒரு நாளாவது கடைக்குப் போயி, இதைக் கொடு அதைக் கொடுன்னு கேட்டிருப்பேனா? கிடையாது. விலை குறைஞ்சு தானா கண்ணுல படுறதைத்தான் எடுத்துட்டு வருவேன். அது வாங்குறதுல சேராதும்மா. வீணாப் போகாம பாத்துக்கிறதுல சேரும். இன்னைக்கு விட்டா நாளைக்கு அந்த விலைக்கு வராது. அப்புறம் தேவைப்படுறப்ப எங்க போயி நிப்ப?

எங்க வீட்டுல பின்னாடி ஒரு ரூம். அமலி ரூம்தான். அவ எட்டாவது படிக்கிறப்பவே கொஞ்சம் கொஞ்சமா சாமான் வைக்க ஆரம்பிச்சேன். பெருசா ஒண்ணுமில்லை. ஏழு ஃபிளாஸ்க் இருந்துச்சு, அதுல மூணுக்கு மூடி கிடையாது, அதனாலதான் அந்த விலை. ஹெல்மெட் நாலு. எங்க வீட்டுல இருக்கிறது ஒரு சைக்கிள்தான், ஆனா நாளைக்கே மாப்பிள்ளை பைக்ல வந்தா? சிலிண்டர் வைக்கிற சக்கரப் பலகை மூணு. பதினாலு ஜன்னலுக்குத் திரைத்துணி. ஜன்னல் மூணுதான், ஒத்துக்கிறேன், ஆனா கடைக்காரன் மூணுக்கு மட்டும் வெட்டித் தர மாட்டேன்னுட்டான். அப்புறம் ஒரு கொலு செட்டு.

ஆமாம்மா, நாங்க ஆர்.சி.தான். கொலு வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை. நவராத்திரி முடிஞ்ச மறுநாள் தெப்பக்குளம் பக்கம் பாதி விலைக்குப் போட்டான். பாதி விலைம்மா. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிறப்ப செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் ஓரமா உக்கார வச்சேன். பெத்லகேம்ல சத்திரக்காரர் இருந்தாரா இல்லையா? பலசரக்குக் கடையோட உக்காந்திருந்தா என்ன தப்பு? வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் குடிலைப் பாத்தாரு, செட்டியாரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. தண்ணி மட்டும் கேட்டாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தவக்காலம் தொடங்குறதுக்கு முந்தின ஞாயிறு அமலிக்கு வளைகாப்பு. புதுக்கோட்டையில சம்பந்தி வீட்டுல. ஏழு வகை சோறு நானே கிளறினேன், ஆள் வைக்கலை. வண்டிகூட ஏழு பேர் போற வண்டி, அஞ்சு பேர் வண்டி வாடகைக்கே கிடைச்சது. போனது நாங்க ரெண்டு பேர்தான். கையெல்லாம் வளையல் போட்டு, சந்தனம் பூசி, எல்லாரும் சாப்பிட்டாச்சு. வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதானே முறை? நானும் பெட்டியை எடும்மா, கிளம்பலாம்னேன்.

"நான் வரலைம்மா"ன்னா.

நான் விளையாட்டுக்குச் சொல்றான்னு சிரிச்சேன். அவ சிரிக்கலை. "அந்த ரூம் அப்படியேதானே இருக்கு? எட்டாம் கிளாஸ்லேருந்து அட்டைப்பெட்டிக்கு நடுவுலதான் படுத்தேன். ஒரு நாள் புரண்டு படுத்ததில்லை. என் புள்ளையை அங்க படுக்க வைக்க மாட்டேன்"னா.

நல்லாத்தானேம்மா இருந்துச்சு அது. ரெண்டு பக்கமும் அணைப்பா, கீழ விழ வழியே கிடையாது. அதை இப்பப் போயி அத்தனை பேர் முன்னாடி சொல்றா. சம்பந்தியம்மா நல்லவங்கதான், அவங்க உடனே, "அதனால என்ன, பிரசவத்தை இங்கயே பாத்துக்கலாம், என் பொண்ணு மாதிரி பாத்துக்க மாட்டேனா"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு ஒரே பொண்ணு. தலைப்பிரசவம். அது மாமியார் வீட்டுல நடந்தா, நான் எதுக்கு இருக்கேன்?

அமலிதான் கடைசில என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி சொன்னா. "அம்மா, புதன்கிழமை தவக்காலம் தொடங்குது. எல்லாரும் கறி மீனை விடுறாங்க. நீ ஆஃபரை விடு. ஈஸ்டர் வரைக்கும் காய்கறி மளிகை தவிர காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கக் கூடாது. ரூமைக் காலி பண்ணு. ஒரு கட்டில் மட்டும் இருக்கட்டும். ஈஸ்டருக்கு மறுநாள் வா, உன்னோட வர்றேன். ஒண்ணே ஒண்ணு வாங்குனாலும் நான் இங்கதான்." என் போனை வாங்கி அதுல இருந்த ஆஃபர் கடையெல்லாம் அழிச்சுட்டா. அன்னைக்கு நைட்டிக்கு நாலு மணி வரைக்கும் தள்ளுபடி, அதுவும் போச்சு.

ஏழு பேர் வண்டியில ரெண்டு பேரா திரும்பி வந்தோம். மிச்சம் இருந்த புளிச்சோறு மடியில. திருச்சி வர்ற வரைக்கும் அழுதேன்.

சாம்பல் புதன் அன்னைக்கு நெத்தியில சாம்பல் வாங்குன கையோட ஆரம்பிச்சேன். மத்ததை விடு, அந்த முதல் வாரம் இருக்கே, அதுதான் உண்மையான சிலுவைப் பாதை. சின்னக்கடை வீதிப் பக்கமே போகலை. பாத்திரக் கடை வாசல்ல மைக் போட்டுக் கத்துவான், கேட்டா கால் தானா திரும்பும், அதனால காதுல பஞ்சு வச்சுக்கிட்டு மார்க்கெட் போனேன். பஞ்சு வீட்டுல இருந்தது. பெரிய ரோல். அது எப்ப வாங்குனதுன்னு தெரியலை.

ரூமையும் காலி பண்ணினேன். கொலு செட்டை அடுத்த தெரு கௌசல்யா டீச்சருக்குக் கொடுத்தேன். அவங்க சந்தோஷமா வாங்கிட்டு, "செட்டியார் மேல வைக்கோல் ஒட்டியிருக்கே, ஏன்"னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல? ஹெல்மெட்டை அந்தோணியார் கோவில் தெருப் பசங்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொண்ணைக் கொடுக்கிறப்பவும் அதோட உண்மையான விலை என்ன, நான் வாங்குன விலை என்னன்னு சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தேன். இல்லைன்னா அருமை தெரியாதுல்ல.

ரெண்டாவது வாரம் பூசையில ஃபாதர் பிரசங்கம் வைக்கிறாரு. தவக்காலம் நாப்பது நாள்ங்கிறோம், எண்ணிப் பாத்தா நாப்பத்தாறு வருதே ஏன்? ஞாயித்துக்கிழமை அதுல சேராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னைக்கு நோன்பு கிடையாதுன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அம்பத்தெட்டு வருஷமா கோவிலுக்குப் போறேன், இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை.

பூசை முடிஞ்சு நேரா தெப்பக்குளம். குடை மூணு எடுத்தேன். அடுத்த ஞாயிறு தலையணை உறை, ஆறு. தலையணை ரெண்டுதான், ஆனா ஆறா எடுத்தாத்தான் அந்த விலை. துவைச்சுக் கொடியில போட்டேன். சாயங்காலம் அமலி வீடியோ போன்ல வந்தா. ரூமைக் காட்டும்மான்னா. நான் பெருமையா ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன், பின்னாடி கொடியில ஆறு உறையும் காத்துல ஆடுது. அதுவும் மயில் டிசைன்.

"அம்மா, அது என்ன?"

நான் ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். அதுக்கு அவ, "ஞாயித்துக்கிழமை நீ எனக்கு அம்மா இல்லையா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் திட்டலை. அன்னையோட ஞாயித்துக்கிழமையும் போச்சு. ஃபாதர் மேலதான் எனக்குக் கோபம். முழுசா விளக்கியிருக்க வேணாமா?

அதுக்கப்புறம் நான் சுத்தம். வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு. காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கலை. மூணாவது ஞாயிறு தாண்டி செவ்வாய்க்கிழமை, துரைக்கண்ணு தெருவுல வர்றான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பான், சைக்கிள்ல கூடை கட்டிட்டு. இருபது வருஷமா எனக்கு அவன்தான். சைக்கிள் பின்னாடி ஒரு அண்டா. எவர்சில்வர், இவ்வளவு அகலம், அடி கனம். பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு வேப்பிலை போட்டு வெந்நீர் வச்சா, ஆகா, அப்படி இருந்துச்சு.

யோசிச்சேன். காசு கொடுத்து வாங்கக் கூடாதுன்னுதானே சொன்னா? இதுல காசு எங்க இருக்கு? ரூமைக் காலி பண்ணுன்னுதானே சொன்னா? பழைய துணி போனா காலிதானே ஆகுது? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. பீரோவுக்கு அடியில இருந்த மூட்டையை இழுத்துட்டு வந்தேன். நான் கல்யாணமான புதுசுலேருந்து கட்டுன நூல் புடவை, நைஞ்சு போனது, பதினோரு புடவை. அவரோட வேட்டி ஆறு. அவன் வேட்டிக்கு மதிப்பு இல்லைன்னான். நான் விடலை. அரை மணி நேரம் பேசி, அண்டாவுக்கு மேல ஒரு டம்ளரும் வாங்கிட்டேன்.

ரெண்டு நாள் அந்த அண்டாவைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டேன். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போயிட்டு வந்து உக்காந்திருக்கேன், அமலி கூப்பிடுறா. குரல்ல ஒரு கொஞ்சல். புள்ளை உண்டானதுலேருந்து அப்படி அவ என்கிட்ட பேசுனதே இல்லை. "அம்மா, புள்ளைக்கு நீ எதுவும் வாங்கி வைக்காத. பொறக்கிறதுக்கு முன்னாடி புதுசு வாங்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். தூளி கட்ட உன்னோட பழைய நூல் புடவை. அந்த நீலக் கட்டம் போட்டது இருக்குல்ல? நான் சின்னப் புள்ளையில அதோட முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டுத்தானே தூங்குவேன். அதை எடுத்து வையி."

"இருக்கும்மா, பத்திரமா இருக்கு"ன்னேன்.

பொய்தான். வேற என்ன சொல்லுவேன்? அந்த வீட்டுல இல்லாத பொருளே கிடையாது. மூடி இல்லாத ஃபிளாஸ்க் இருக்கு, தலையணை இல்லாத உறை இருக்கு. அவ வாழ்க்கையில முதல் தடவையா வாய் திறந்து ஒண்ணு கேக்குறா, அது மட்டும் இல்லை. அதுவும் மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இருந்துச்சு.

மறுநாள் காலையில எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல என்னை வச்சு வரகனேரிக்கு மிதிச்சாரு, துரைக்கண்ணு வீட்டைத் தேடிக்கிட்டு. கண்டுபிடிச்சோம். உன் மூட்டையைக் குடோன்ல போட்டாச்சும்மா, நேத்தே லாரி போயிருச்சுங்கிறான். எங்க போகும்னு கேட்டேன். அதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் பதில் சொன்னாரு. "ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். மெஷின் துடைக்க. முப்பத்தாறு வருஷம் நானும் இந்த மாதிரித் துணியிலதான் கை துடைச்சேன். நல்லா எண்ணெய் உறியும்." ஆறுதல் சொல்றாராம்.

நான் அங்கயே படியில உக்காந்துட்டேன். துரைக்கண்ணுக்குப் பாவமாப் போச்சு. உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு குவியலைக் காட்டினான். "எல்லாம் நூல் புடவைதாம்மா. கஞ்சி போட்டுக் கட்டுனது, பஞ்சா இருக்கு பாருங்க. வேணுங்கிறதை எடுங்க. பத்துப் புடவை எடுத்துக்கிட்டு ஒரு புடவைக்குக் காசு கொடுங்க. உங்களுக்காகத்தான்"னான்.

பத்துக்கு ஒண்ணு. நீ நினைச்சுப் பாரு. என் ஆயுசுல அப்படி ஒரு விலையை நான் கேட்டதில்லை. கை தானா போகுது. ஒண்ணை எடுக்குறேன், வெண்ணெய் மாதிரி வழியுது. நீலக் கட்டம்கூட ஒண்ணு இருந்துச்சு, கொஞ்சம் சின்னக் கட்டம். இதுதான் அதுன்னு சொன்னா அமலி கண்டா பிடிக்கப் போறா? மூக்குகிட்ட கொண்டு போனேன். யார் வீட்டு பீரோவோ, யார் வீட்டு மஞ்சளோ. நல்ல வாசம்தான். ஆனா எங்க வீட்டு வாசம் இல்லை. எம் பேரப்புள்ளை முதமுதலா தூங்குறது அடுத்த வீட்டு வாசத்துலயான்னு தோணுச்சு. அழுகை வந்துருச்சு.

வேணாம்ப்பான்னு திருப்பி வச்சுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு வந்து என் நெத்தியில கை வச்சுப் பாத்தாரு, காய்ச்சல் அடிக்குதான்னு.

இரு, கீரனூர் வந்துருச்சு. அந்தா ஏறுறான் பாரு, சீப்பு விக்கிறவன். என்னப்பா விலை? நாலு சீப்பு இருபதா? பல்லு நெருக்கமா, நல்ல சீப்பும்மா. இல்லைப்பா, எனக்கு வேணாம். நேத்தோட தவக்காலம் முடிஞ்சுச்சு, வாங்கலாம்தான், இருந்தாலும் வேணாம். நீ வாங்கிக்கயேன்மா. வீட்டுல எத்தனை பேரு? ரெண்டு பேரா, அப்ப ஆளுக்கு ரெண்டு. இந்த விலைக்குக் கிடைக்காது, அப்புறம் பிலோமியக்கா அன்னைக்கே சொன்னாங்களேன்னு நினைப்ப. கொடுப்பா அந்தப் பிள்ளைக்கு. பாத்தியா, சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு, நல்லாத்தான் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், வீட்டுக்கு வந்தோம். பீரோ, பெட்டி, பரண் எல்லாம் இறக்கினேன். அறுபத்திரெண்டு புடவை இருந்துச்சு. முக்கால்வாசி மடிப்புக் கலையாதது. எண்ணி எண்ணிப் போட்டேன், ஒண்ணுகூட நூல் இல்லை. எல்லாம் வழுவழுன்னு நைலான். தீக்குச்சியைக் காட்டுனா உருகி ஒட்டிக்கும். பச்சைப் புள்ளையை அதுலயா போடுவ?

அடியில ஒரு அட்டைப்பெட்டி. அதுல மாம்பழக் கலர்ல, அரக்குக் கரை போட்ட நூல் புடவை. பாத்ததுமே எனக்குப் பழைய கோபம் திரும்ப வந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சாவது வருஷம், இந்த மனுஷன் எனக்குத் தெரியாம கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தாரு. முழு விலைக்கு. தள்ளுபடி கேக்கலை, பேரம் பேசலை, ஒரு கட்டைப் பை கூட கேட்டு வாங்கலை. ஏன்னு கேட்டா, "நல்லா இருந்துச்சு, உனக்குப் பொருந்தும்னு தோணுச்சு"ங்கிறாரு. அதுக்காக முழு விலையா கொடுப்பாங்க? இதைக் கட்டுனா இவருக்கு இதே பழக்கமாயிரும்னு உள்ள வச்சவதான். ஒரு நாள் கட்டலை. அவரும் ஏன் கட்டலைன்னு கேட்டதில்லை.

ஆனா அது புதுசும்மா. மொடமொடன்னு நிக்குது. புள்ளைக்குப் புதுசு ஆகாது, உடம்பும் உறுத்தும். பழசாக்கணும். புடவை எப்படிப் பழசாகும்? கட்டுனாத்தானே பழசாகும். அதுக்கு எந்தக் கடையிலயும் குறுக்கு வழி விக்கலை.

மறுநாள் ஞாயிறு, கட்ட ஆரம்பிச்சேன். காலையில கட்டுவேன், சாயங்காலம் அவுத்துத் துவைப்பேன், காலையில அதையே கட்டுவேன். அண்டாவுல வெந்நீர் வச்சு ஊறப் போட்டு, கல்லுல அடிச்சு, நிழல்ல காயப்போட்டு. புடவை பிழிய ரெண்டு ஆள் வேணும்ல. ஒரு முனையை அவர் பிடிப்பாரு, ஒரு முனையை நான். முறுக்கிக்கிட்டே நடந்து நடந்து கிட்ட வருவோம். முப்பத்தோரு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா செஞ்ச வேலை அதுதான்னு நினைக்கிறேன். ஒரு நாள் பிழிஞ்சுக்கிட்டு இருக்கிறப்பவே சொல்றாரு, "பொருந்துதுல்ல?"ன்னு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. வேலையைப் பாருங்கன்னுட்டேன்.

தெருவுல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்ன பிலோமி, வேற புடவை இல்லையான்னு. என்னைப் பாத்து. குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துல அதே புடவை. பெரிய வெள்ளிக்கு அதே புடவை. அன்னைக்குக் கோவில்ல கஞ்சி ஊத்துவாங்க, அந்த அண்டாவைக் கோவிலுக்கே கொடுத்துட்டேன், இனிமே அதை வீட்டுல வச்சுப் பாக்க முடியாது. ஈஸ்டர் பூசைக்குக் கோவிலே பட்டும் பளபளப்புமா நிக்குது, நான் வெளுத்த புடவையோட மூணாவது வரிசையில. மாம்பழக் கலரா இருந்தது சந்தனக் கலராயிருச்சு. வெக்கமா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மண்டி போடுறப்ப முழங்கால்ல துணி மெத்துன்னு பட்டுச்சு பாரு, அப்ப ஒரு சந்தோஷம்.

இன்னையோட இருபத்துமூணு நாள். ஆமா, இதேதான். நான் கட்டியிருக்கிறதுதான்.

ரூம் காலி. ஒரு கட்டில், ஒரு ஃபேன். விட்டத்துல கொக்கி மாட்டியாச்சு. உள்ள போயி பேசுனா எதிரொலி கேக்குது, எனக்கே பயமா இருக்கு.

நேத்து மத்தியானம் அமலிக்குப் போன் போட்டேன். நீலப் புடவை விஷயத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நாளைக்கு வர்றேம்மா, புடவையைத் துவைச்சு மடிச்சுப் பையில வச்சுக் கொண்டு வர்றேன்னு ஆரம்பிச்சேன். அவ, "அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா"ன்னுட்டா. தினமும் சொல்லியிருக்காரு மனுஷன். வரகனேரி போனது, பத்துப் புடவையைத் திருப்பி வச்சது, கோவில்ல மூணாவது வரிசை, எல்லாம். என்கிட்ட நாலு வார்த்தை பேச மாட்டாரு, அவகிட்ட ரேடியோ மாதிரி வாசிச்சிருக்காரு.

நான் திட்டப் போறான்னு காத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. "நீலம் போனாப் போகுதும்மா. நான் பெட்டி கட்டி வச்சுட்டேன். நீ துவைச்சு மடிச்சு எடுத்துட்டு வராத. கட்டிக்கிட்டு வா. இன்னைக்குக் கட்டுனதையே துவைக்காம கட்டிக்கிட்டு வா"ன்னா. நான் எதுக்குடின்னு கேட்டேன். "வா, சொல்றேன்"னு வச்சுட்டா.

என்ன பொண்ணோ, போ. இருபத்தோரு நாள் துவைச்சுத் துவைச்சு கைத்தோல் உரிஞ்சு கிடக்கு, பாரு. கடைசியில துவைக்காம வான்னு சொல்றா. பை ஒண்ணு குறையும்னு சொல்றாளோ என்னமோ. இருந்தாலும் அவ கேட்டுட்டா. நேத்து பூசைக்குக் கட்டுனது, சமைச்சது, பாத்திரம் விளக்குனது, இன்னைக்கு மாத்தூர்ல வெயில்ல வேர்த்தது, எல்லாம் இதுலதான் இருக்கு. இப்படி நான் ஒரு நாளும் வெளிய கிளம்பினதில்லை. பக்கத்துல உக்காந்திருக்க. வாடை அடிச்சாக் கூச்சப்படாம சொல்லும்மா, நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன்.